சின்ன மின்குமிழும் வியாபாரியின் நாணயமும்

வாகனத்தின் பின்னால் இலக்கத் தகட்டுக்கு மேலே எரியும் சின்ன மின்குமிழைப் பற்றி ஒரு வர்த்தகப் பத்தியில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக் கூடும். டொலர் விலை, வங்கி வட்டி, வற் வரி என்று எழுதுவதற்கு எத்தனையோ இருக்க, இதுவும் ஒரு விடயமா என்று கேட்கவும் கூடும்.

ஆனால் இந்தச் சின்னப் பொருள் நமது வர்த்தகர்களில் இரு சாராரைத் தொடுகிறது. ஒரு சாரார் இரவில் சரக்கு வாகனம் ஓட விடுபவர்கள். பழைய பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போடலாமா, அதனால் என்ன இலாபம் என்று அவர்கள் கேட்கிறார்கள். மறு சாரார் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்கள். சந்தையில் பத்து விதமான எல்.ஈ.டி. கிடக்கிறதே, எதை வாங்கி விற்பது என்று அவர்கள் கேட்கிறார்கள்.

எனது கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். எல்.ஈ.டி. போடலாம், வேலைக்கு ஓடும் வாகனம் என்றால் போடுவதே நல்லது. ஆனால் அநேகமான கடைகளில் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் சரியானவை அல்ல. பொருள் நல்லதாக இருந்தும் பொய்யான காரணம் சொல்லி விற்பதால் நஷ்டப்படப் போகிறவர் விற்பவர்தான். அது எப்படி என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

பழைய வாகனங்களின் நாடு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில், இருந்த வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓடினோம். பஞ்சிகாவத்தையிலும் ஊர்களில் உள்ள உதிரிப்பாகக் கடைகளிலும் வியாபாரம் நடந்ததற்கு அது ஒரு முக்கிய காரணம். புதிதாக வரும் வாகனங்கள் பலவற்றில் இலக்கத் தகட்டு விளக்கு எல்.ஈ.டி.யாகவே, பிரிக்க முடியாத ஒரே துண்டாக வருகிறது. பழுதானால் பல்பை மட்டும் மாற்ற முடியாது. முழு விளக்கையும் மாற்ற வேண்டும். ஆகவே பல்ப் மாற்றும் வியாபாரம் என்பது வீதியில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார், வேன், லொறிகளை நம்பிய வியாபாரம். அது இன்னும் பல வருடங்களுக்கு இருக்கும்.

இரவில் ஓடுபவர்களின் கஷ்டம்

கல்முனைப் பக்கமிருந்து பேலியகொடைக்கு மீன் ஏற்றும் கூலர் வாகனங்களும், தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் லொறிகளும் பெரும்பாலும் இரவில்தான் ஓடுகின்றன. நமது வர்த்தகர்கள் பலரின் பிழைப்பு இந்த இரவு ஓட்டத்தில் இருக்கிறது. இப்படியான வாகனங்களில் இழை பல்ப் அடிக்கடி போவதற்குக் காரணம் உண்டு. இழை பல்புக்குள் இருப்பது மெல்லிய டங்ஸ்டன் கம்பி. எரியும்போது அது சூடாகி இளகி நிற்கும். அந்த நேரத்தில் குன்றும் குழியுமான வீதியில் அதிர்ந்தால், அல்லது பின்கதவை ஓங்கிச் சாத்தினால், அறுந்து விடும். சரக்கு வாகனத்தின் பின்கதவு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாத்தப்படுகிறது என்பதை உரிமையாளர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு சிக்கல், பல்ப் போனது சாரதிக்குத் தெரியாது. முன்விளக்கு போனால் உடனே தெரியும். இலக்கத் தகட்டு விளக்கு போனால் அதை முதலில் காண்பவர் பின்னால் வரும் பொலிஸார்தான். இரவில் பின்புற இலக்கம் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வாகனத்தை ஓரங்கட்டி, ஆவணங்களைக் காட்டி, தண்டச் சீட்டு எழுதி முடிவதற்குள் அரை மணித்தியாலம் போய்விடும். மீன் ஏற்றியவருக்கு அரை மணித்தியாலம் என்றால் சந்தையில் என்ன விலை வித்தியாசம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இலக்கத் தகட்டின் பெறுமதியும் முன்னரைப் போல் இல்லை. 2022இல் எரிபொருள் நெருக்கடியின்போது, எந்த நாளில் பெற்றோல் கிடைக்கும் என்பதே தகட்டின் கடைசி இலக்கத்தில் தங்கியிருந்தது. 2024 ஜனவரியில் கொழும்பில் சிசிடிவி கெமராக்கள் மூலம் வீதிக் குற்றங்களைக் கண்டறியும் நடைமுறையை பொலிஸார் ஆரம்பித்தனர். உங்கள் வாகனம் திருட்டுப் போனாலும், உங்கள் வாகனத்தில் எவரேனும் மோதிவிட்டு ஓடினாலும், கெமராவில் இலக்கம் தெரிகிறதா என்பதுதான் முதற் கேள்வி.

இன்னும் ஒன்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். யுத்த காலத்திலும், 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிந்திய மாதங்களிலும் வீதித் தடைகளில் மணிக்கணக்கில் நின்ற அனுபவம் நமது சாரதிகள் பலருக்கு உண்டு. அப்படியான இடத்தில் வாகனத்தில் சட்டப்படி குறை சொல்லக் கூடிய ஒரு சிறு விடயம்கூட இருக்கக் கூடாது. ஒரு சின்னப் பல்ப் எரியாததை வைத்து நீண்ட விசாரணை ஒன்றுக்கு வழி திறந்து கொடுக்க வேண்டியதில்லை.

எல்.ஈ.டி.யில் அறுந்துபோக இழை இல்லை. அதிர்வைத் தாங்கும். சூடு குறைவு என்பதால் விளக்கின் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகி உருகுவதும் குறையும். வேலைக்கு ஓடும் வாகனத்துக்கு அதைப் போடச் சொல்வதற்கு இந்த நம்பகத்தன்மைதான் காரணம். வேறு காரணம் தேவையில்லை.

எரிபொருள் மிச்சமாகுமா?

“நானா, இதைப் போட்டா பெற்றோலும் மிச்சம்” என்று சொல்லி விற்பதை நான் பல கடைகளில் கேட்டிருக்கிறேன். கணக்குப் பார்ப்போம்.

அநேகமான கார்களில் இலக்கத் தகட்டுக்கு 5 வொட் பல்ப் இரண்டு இருக்கும். மொத்தம் 10 வொட். அதற்குப் பதிலாக 1 வொட் எல்.ஈ.டி. இரண்டு போட்டால் 2 வொட். மிச்சம் 8 வொட். ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம் என்று மாதம் 90 மணித்தியாலம் எரிந்தால் மிச்சமாவது 0.72 அலகு மின்சாரம். அதை உற்பத்தி செய்ய இயந்திரம் குடிக்கும் பெற்றோல் அரை லீற்றர்கூட வராது. இரவில் அரை மணித்தியாலம் மட்டும் ஓடும் வீட்டுக் காருக்கு மாதத்தில் பத்தில் ஒரு லீற்றருக்கும் குறைவு. எரிபொருள் மிச்சம் என்பது பொய்யில்லை என்று வாதிடலாம். ஆனால் வாடிக்கையாளர் அதைக் கேட்டு மனதில் நினைக்கும் தொகைக்கும் உண்மையான தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்தத் தூரத்தைத் தெரிந்துகொண்டே விற்பது நேர்மையான விற்பனை அல்ல.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, அளவு. ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் இருப்பது டி10 எனப்படும், தொப்பி இல்லாமல் நேரே செருகும் பல்ப். சிலவற்றில் இரு முனையிலும் கூம்பு வைத்த, பியூஸ் போன்ற நீள் பல்ப் இருக்கும். அதில் 31, 36, 41 மில்லிமீற்றர் என்று பல நீளம் உண்டு. பழைய பல்பைக் கழற்றிக் கையில் கொண்டுபோவதே சிறந்த வழி.

இரண்டாவது, வோல்ட். கார், வேன்களில் 12 வோல்ட். பெரிய லொறி, பஸ்களில் 24 வோல்ட். 12 வோல்ட் எல்.ஈ.டி.யை 24 வோல்ட் லொறியில் போட்டால் சில வினாடிகளிலேயே போய்விடலாம். 12 வோல்ட் வாகனத்திலும் இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட்டுக்கும் கொஞ்சம் மேலே போகும். மலிவான எல்.ஈ.டி. பல இந்த மேலதிகத்தைத் தாங்காமல்தான் சாகின்றன.

மூன்றாவது, ஒளி விழும் திசை. இழை பல்ப் நாலா பக்கமும் ஒளி வீசும். எல்.ஈ.டி. தான் பார்க்கும் பக்கம் மட்டும் வீசும். விளக்குக்குள் பல்ப் கிடையாக நிற்கிறது என்றால், பக்கவாட்டிலும் ஒளிப்புள்ளி உள்ள எல்.ஈ.டி. வேண்டும். நுனியில் மட்டும் ஒளிப்புள்ளி உள்ளதைப் போட்டால் விளக்கு எரியும். தகடு இருட்டாக இருக்கும். “கூடிய வெளிச்சப் பல்ப் போட்டும் இலக்கம் தெரியவில்லையே” என்று வருபவர்களின் பிரச்சினை அநேகமாக இதுதான்.

நான்காவது, நிறம். வெள்ளை மட்டுமே. தகட்டு விளக்கு பற்றிய ஐக்கிய நாடுகளின் 4ஆவது வாகன ஒழுங்குவிதியும் வெள்ளையைத்தான் கேட்கிறது. நமது நாட்டின் பின்புறத் தகடு மஞ்சள் நிறம். நீலம் கலந்த ஒளி அதன்மேல் பட்டால் நிறம் மங்கி, பச்சையடித்தது போல் தெரியும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரையான வெள்ளை போதும். நீலம், சிவப்பு, மினுங்கும் பல்ப் எல்லாம் சட்டப் பிரச்சினையைக் காசு கொடுத்து வாங்குவது. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிக அலங்காரங்களை அகற்ற பொலிஸார் இறங்கியபோது எழுந்த சலசலப்பு பலருக்கு நினைவிருக்கும்.

ஐந்தாவது, வெளிச்சத்தின் அளவு. சாதாரண 5 வொட் இழை பல்ப் தருவது ஏறத்தாழ 50 லுமென் ஒளிதான். தகட்டுக்கு அது போதும். அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் போட்டால் தகடு பளபளத்து, கெமராவில் இலக்கம் வெளிறிப் போகும். இலக்கம் தெரிவதற்காகப் போட்ட விளக்கே இலக்கத்தை மறைத்துவிடும்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல சைக்கிள்களில் பின்சிவப்பு விளக்கின் அடியில் உள்ள நிறமற்ற சாளரம் வழியாகத்தான் தகட்டுக்கு வெளிச்சம் விழுகிறது. பின்விளக்கு சிவப்பு என்பதால் சிவப்பு எல்.ஈ.டி. போட்டால், தகட்டிலும் சிவப்பு விழும். அங்கே வெள்ளை எல்.ஈ.டி., அதுவும் கீழ்ப்பக்கம் ஒளி வீசக் கூடியது வேண்டும்.

ஐரோப்பிய வாகனங்கள் சிலவற்றில் பல்ப் இழுக்கும் மின்னோட்டத்தை வாகனமே அளந்து பார்க்கும். எல்.ஈ.டி. குறைவாக இழுப்பதால், பல்ப் போய்விட்டது என்று டேஷ்போர்ட்டில் எச்சரிக்கை காட்டும். அதற்கென்று ரெசிஸ்டர் வைத்த எல்.ஈ.டி. இருக்கிறது. ஆனால் அந்த ரெசிஸ்டர் சூடாகும் என்பதையும் சொல்லி விற்க வேண்டும். பூட்டிய பின் எரியாவிட்டால் திருப்பிச் செருகிப் பார்க்க வேண்டும், அநேக எல்.ஈ.டி. ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும். கரையோர ஊர்களில் உப்புக் காற்றால் பிடிப்பான்களில் பச்சை படிந்திருக்கும். அதைச் சுரண்டித் துடைக்காமல் எந்தப் பல்பைப் போட்டும் பயனில்லை.

பெட்டியில் எழுதியிருப்பது

இனி விற்பவரின் பக்கம் வருவோம். கட்டைவிரல் நகமளவுள்ள பல்ப் ஒன்றின் பெட்டியில் 10 வொட், 20 வொட் என்று அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். அந்த அளவு உடம்பால் அத்தனை சூட்டை வெளியேற்ற முடியாது. உண்மையிலேயே 20 வொட் இழுத்தால் அது மூடிய விளக்குக்குள் தானாகவே கருகிவிடும். அளந்து பார்த்தால் அநேகமாக ஒரு வொட், இரண்டு வொட் அளவில்தான் நிற்கும்.

அடுத்தது, 50,000 மணித்தியாலம் எரியும் என்ற வாசகம். ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம் என்று பார்த்தால் அது 45 வருடங்களுக்கு மேல். வாகனமே அவ்வளவு காலம் இருக்குமா? அந்த எண், நல்ல குளிர்ச்சியில் சரியான மின்னோட்டத்தில் எரியும் ஒளிப்புள்ளிக்கு மட்டும் சொல்லப்படுவது. ஆனால் ஒளிப்புள்ளிக்கு முன்னரே ஈயப் பற்றும் ரெசிஸ்டரும் போய்விடும்.

இதையெல்லாம் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. கடையில் ஒரு 12 வோல்ட் பற்றரியும் ஒரு மல்டிமீற்றரும் இருந்தால் போதும். மின்னோட்டத்தை அளந்து வோல்ட்டால் பெருக்கினால் உண்மையான வொட் வந்துவிடும். 12 வோல்ட்டில் 0.08 அம்பியர் என்றால் ஏறத்தாழ ஒரு வொட். பிறகு பல்பை மூடிய சிறு டப்பாவுக்குள் வைத்து அரை மணித்தியாலம் எரிய விட வேண்டும். வெளிச்சம் குறைகிறதா, மினுங்குகிறதா, தொட முடியாத சூடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். புறக்கோட்டையில் ‘லொட்’ ஆக எடுக்கும் முன் பத்துப் பல்பை மாதிரிக்கு வாங்கி இப்படிச் சோதித்தால், ஆயிரம் பல்பின் நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

இலாபம் எதில்?

“மலிவானதில்தானே இலாபம்” என்பது அடுத்த வாதம். விளங்குவதற்காக ஒரு உதாரணக் கணக்கு. 60 ரூபா வீதம் 100 மலிவுப் பல்ப் வாங்கி 150 ரூபாவுக்கு விற்றால் கையில் நிற்பது 9,000 ரூபா. அதில் 25 பல்ப் மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்து காசைக் கொடுக்க நேர்ந்தால் 3,750 ரூபா போய், 5,250 ரூபா மிஞ்சும். 150 ரூபா வீதம் 100 நல்ல பல்ப் வாங்கி 250 ரூபாவுக்கு விற்றால் 10,000 ரூபா. இரண்டு திரும்பி வந்தால் 500 ரூபா போய், 9,500 ரூபா மிஞ்சும். முதல் கூடத்தான். ஆனால் கவுண்டரில் நின்று 25 பேரோடு வாக்குவாதப்படும் நேரத்தையும், அவர்களில் திரும்பி வராமலே போனவர்களையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சொல்லிக் கொள்ளாமல் போகும் வாடிக்கையாளர்தான் மிகப் பெரிய நஷ்டம். அவர் பல்புக்காக மட்டும் வருபவர் அல்லர். நாளை பிரேக் பேட், மறுநாள் கிளட்ச் பிளேட் வாங்க வேண்டியவர்.

மலிவுப் பல்பை விற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லோர் கையிலும் ஒரே அளவு காசு இருப்பதில்லை. இரண்டு ரகத்தையும் வைத்திருக்கலாம். “இது மலிவு, கெரண்டி இல்லை, சில மாதம் எரியும். இது விலை கூட, ஆறு மாதத்துக்குள் போனால் மாற்றித் தருவேன்” என்று வாயால் சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுத்தால் அது நேர்மையான வியாபாரம். முடிவை வாங்குபவர் எடுக்கட்டும்.

உள்ளே இருக்கும் ஈரம்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உட்பக்கம் ஈரமாக இருந்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அந்த வியாபாரி பொய் எதுவும் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறை உள்ளே இருந்தது, மேலே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய எல்.ஈ.டி. பெட்டி அந்தத் தானியக் குவியலைப் போன்றது. மேலே 20 வொட், உள்ளே ஒரு வொட். “நான் அச்சிடவில்லை, சீனாவில் அச்சிட்டு வந்தது” என்று சொல்லித் தப்ப முடியாது. உள்ளே ஈரம் இருப்பது தெரிந்துவிட்டால், அதை மேலே எடுத்து வைக்கும் பொறுப்பு விற்பவருக்கு வந்துவிடுகிறது. நாட்டின் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளின் தரம் பற்றிப் பொய்யாகக் கூறி விற்பதைத் தடை செய்கிறது.

இதில் நமக்கு மார்க்கத்தோடு சேர்ந்த இன்னொரு நிர்ப்பந்தமும் உண்டு. 2013இலும் 2019இலும் முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொல்லும் பிரசாரங்கள் நடந்தன. அவற்றின் பிறகும் சிங்கள, தமிழ் வாடிக்கையாளர்கள் திரும்பி வந்த கடைகள் எவை என்று நான் கவனித்திருக்கிறேன். விலை குறைந்த கடைகளைவிட, “அந்த முதலாளி சொன்னால் சரியாக இருக்கும்” என்று பெயரெடுத்த கடைகளுக்கே அவர்கள் முதலில் வந்தார்கள். அந்தப் பெயர் பேரணியாலோ அறிக்கையாலோ கிடைத்தது அல்ல. கவுண்டரில் ஒவ்வொரு சின்னப் பொருளாக, பல வருடங்களாகச் சேர்த்தது. கராஜ் பாஸ் ஒருவர் தனது வாடிக்கையாளரை உங்கள் கடைக்கு அனுப்புகிறார் என்றால், தனது பெயரையும் உங்களிடம் அடகு வைத்துத்தான் அனுப்புகிறார். நூறு ரூபாப் பல்பில் அதைக் கெடுத்துக் கொள்ளலாமா?

ஆகவே நான் வேண்டுவது இவ்வளவுதான். சரக்கு வாகன உரிமையாளர்கள் இலக்கத் தகட்டு விளக்கை நல்ல எல்.ஈ.டி.க்கு மாற்றட்டும், மாற்றிய பின் இரவில் பத்து அடி பின்னால் நின்று இலக்கத்தை வாசித்துப் பார்க்கட்டும், வாரம் ஒரு முறை சாரதி அதைப் பார்ப்பதை வழக்கமாக்கட்டும். உதிரிப்பாக வியாபாரிகள் ஒரு பற்றரியையும் மீற்றரையும் கவுண்டரில் வைத்து, வாங்குபவரின் கண்முன்னே எரித்துக் காட்டி விற்கட்டும். பெற்றோல் மிச்சம், 20 வொட், 50,000 மணித்தியாலம் என்ற பேச்சுகளை விட்டுவிட்டு, “அதிர்வுக்கு அறுந்து போகாது, பொலிஸில் மாட்டாது, இத்தனை மாதத்துக்கு நான் பொறுப்பு” என்று சொல்லட்டும். அதுவே போதுமான விற்பனைப் பேச்சு. அது உண்மையும்கூட.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரகத் உண்டு என்பது நபிமொழி தரும் நற்செய்தி. வல்ல அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களில் பரகத் செய்வானாக!